வட கரொலைனாவின் தெற்குத் தட்டைமீன் வளம்

தெற்குத் தட்டைமீன் (அறிவியல் பெயர்: பராலிக்திஸ் லெதோஸ்டிக்மா) என்பது ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையோரத்திலும், மெக்சிக்கோ வளைகுடாவின் வட கரையோரத்திலும் வாழும் ஒரு தட்டைமீன் இனம் ஆகும். கழிமுகங்களில் வளர்ந்து, ஆழ்ந்த கடலில் முட்டையிடும் இம்மீன் அப்பகுதிகளில் மிகுந்த விலைமதிப்பு உடையது. அத்திலாந்திக்குக் கரையில் வணிக நோக்கில் பிடிக்கப்படும் தெற்குத் தட்டைமீனின் மிகப் பெரும்பகுதி வட கரொலைனா மாநிலத்தில் கரைசேர்க்கப்படுகிறது.

இவ்வினத்தில் பெண் மீன்களே பெரிதாக வளர்கின்றன. இளமீன் ஆணாக வளருமா பெண்ணாக வளருமா என்பதில் நீரின் வெப்பநிலைக்கும் பங்கு உண்டு. முதிர்ந்த மீன்கள் அனைத்தும் ஆண்டின் ஒரே பருவத்தில் குறுகிய கடல்வாய்கள் வழியாக வெளியேறுகின்றன. இம்மூன்று பண்புகளும் இதன் மீன்வள மேலாண்மையைக் கடினமாக்குகின்றன. சிறிய மீன்களை விட்டுவிட்டுப் பெரியவற்றைப் பிடிக்கலாம் என்னும் வழக்கமான விதி, இம்மீனைப் பொறுத்தவரை பெண் மீன்களை மட்டும் பிடிக்கும் விதியாக மாறிவிடுகிறது. 2019 ஆம் ஆண்டு முதல் வட கரொலைனாவில் கடுமையான கட்டுப்பாடுகள் நடைமுறைக்கு வந்தன. 2024 ஆம் ஆண்டில் பொழுதுபோக்கு மீன்பிடிப்புக்கான பருவம் அறவே திறக்கப்படவில்லை.

பெயரும் வகைப்பாடும்

தட்டைமீன்கள் உடல் பக்கவாட்டில் தட்டையாகி, இரு கண்களும் ஒரே பக்கத்தில் அமைந்த மீன்களாகும். தமிழகக் கரையில் இவ்வகை மீன்கள் நாக்கு மீன், எருமை நாக்கு முதலிய பெயர்களால் அறியப்படுகின்றன. இந்தியப் பெருங்கடலில் வாழும் தட்டைமீன் ஒன்றின் அறிவியல் பெயரான செட்டோடெஸ் எருமெய் என்பதில் உள்ள "எருமெய்" என்னும் சொல், "எருமை நாக்கு" என்னும் தமிழ்ப் பெயரிலிருந்து வந்ததாகும்.

தெற்குத் தட்டைமீனை 1884 ஆம் ஆண்டில் டேவிட் ஸ்டார் ஜோர்டன், சார்ல்ஸ் ஹென்றி கில்பர்ட் ஆகியோர் அறிவியல் முறைப்படி விவரித்துப் பெயரிட்டனர். "லெதோஸ்டிக்மா" என்பது "மறந்துபோன புள்ளிகள்" என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொற்களால் ஆனது. இதன் நெருங்கிய உறவினமான கோடைத் தட்டைமீனின் உடலில், வளையத்தால் சூழப்பட்ட, கண்போன்ற ஐந்து புள்ளிகள் தெளிவாகத் தெரியும். வளைகுடாத் தட்டைமீனில் அத்தகைய புள்ளிகள் மூன்று உள்ளன. தெற்குத் தட்டைமீனில் அவை இல்லை. இம்மூன்று இனங்களும் வட கரொலைனாக் கரையில் வாழ்கின்றன. தூண்டிலில் சிக்கிய மீன் எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதைப் பழகாதவர்களால் எளிதில் கூற முடிவதில்லை. ஓர் இனத்துக்கு மட்டும் விதி வகுப்பது நடைமுறையில் கடினமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பரவல்

இவ்வினம் அத்திலாந்திக்குக் கரையில் வட கரொலைனா முதல் புளோரிடாவின் கிழக்குக் கரை வரையும், மெக்சிக்கோ வளைகுடாவில் புளோரிடாவின் மேற்குக் கரை முதல் மெக்சிக்கோவின் வட பகுதி வரையும் காணப்படுகிறது. புளோரிடாவின் தென்முனையில் இம்மீன் இல்லை. இதனால் அத்திலாந்திக்குக் கூட்டமும் வளைகுடாக் கூட்டமும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்துள்ளன. இவை இரண்டும் மரபியல் அடிப்படையிலும் வேறுபடுகின்றன.

வட கரொலைனாவின் கரையமைப்பு இம்மீனுக்கு மிகவும் ஏற்றது. வெளிக்கரைகள் எனப்படும் நீண்ட மணல் தீவுகளின் தொடர் கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே அரணாக நிற்கிறது. அதன் உட்புறத்தில் பாம்லிக்கோ, ஆல்பமார்ல் முதலிய பரந்த, ஆழம் குறைந்த உப்பங்கழிகள் உள்ளன. நியூஸ், ரோனோக் போன்ற ஆறுகள் இவற்றில் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. ஒரிகன், ஹட்டெராஸ், ஒக்கரகோக் முதலிய ஒருசில குறுகிய கடல்வாய்கள் மட்டுமே இக்கழிகளைக் கடலுடன் இணைக்கின்றன. உள்ளே வரும் குடம்பிகளும் வெளியே செல்லும் முதிர்ந்த மீன்களும் இக்கடல்வாய்களின் வழியாகவே கடந்தாக வேண்டும்.

வாழ்க்கை வட்டம்

முட்டையும் குடம்பியும்

தெற்குத் தட்டைமீன் இலையுதிர்காலத்தின் பிற்பகுதியிலும் குளிர்காலத்திலும் கண்டத்திட்டின் மேலுள்ள கடற்பகுதியில் முட்டையிடுகிறது. ஒரு பெண் மீன் தன் முட்டைகளை ஒரே முறையில் வெளியிடாமல், பருவம் முழுவதும் பல தடவைகளில் வெளியிடும். முட்டைகள் மிகச் சிறியவை. நீரின் மேற்பகுதியில் மிதப்பவை. அவற்றிலிருந்து சில நாட்களில் குடம்பிகள் வெளிவருகின்றன.

குடம்பி மற்ற மீன்குஞ்சுகளைப் போலவே நிமிர்ந்து நீந்தும். தலையின் இரு பக்கமும் பக்கத்துக்கு ஒரு கண் இருக்கும். ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு மாதங்கள் வரை இது நீரோட்டத்தில் மிதந்து, நுண்ணிய விலங்கு மிதவைகளை உண்டு வளர்கிறது. இக்காலத்தில் காற்றும் நீரோட்டமும் இதனைக் கரையை நோக்கிக் கொண்டுவருகின்றன. கடல்வாயை அடையாத குடம்பிகள் பெரும்பாலும் அழிந்துவிடும். எனவே ஓர் ஆண்டில் கழிகளை வந்தடையும் இளமீன்களின் எண்ணிக்கை, முட்டையிட்ட மீன்களின் அளவை மட்டுமன்றி அவ்வாண்டின் காற்றையும் நீரோட்டத்தையும் பொறுத்து அமைகிறது.

உருமாற்றம்

குடம்பி ஏறத்தாழ ஒரு செண்டிமீட்டர் நீளத்தை அடையும்போது அதன் உடலமைப்பு மாறத் தொடங்குகிறது. வலக்கண் மெல்ல மெல்ல நகர்ந்து, தலையின் உச்சியைக் கடந்து, இடப்பக்கத்தை வந்தடைகிறது. மண்டையோட்டு எலும்புகளும் அதற்கேற்பத் திருகுகின்றன. மீன் இடப்பக்கம் மேலே இருக்குமாறு அடித்தளத்தில் படுக்கிறது. மேற்பக்கம் பழுப்பு நிறம் பெற, கீழ்ப்பக்கம் வெண்மையாகவே இருக்கும். இம்மாற்றத்தைத் தைராய்டு இயக்குநீர் தூண்டுகிறது. இதன்பின் மீன் தன் வாழ்நாள் முழுவதும் தரையோடு ஒட்டியே வாழும். மேற்பக்கத்தின் நிறத்தைத் தரையின் நிறத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டு, மணலில் அரைகுறையாகப் புதைந்து, இரைக்காகக் காத்திருக்கும்.

நாற்றங்கால் பருவம்

இளமீன்கள் குளிர்காலத்தின் பிற்பகுதியிலும் இளவேனிலிலும் கழிகளின் உட்பகுதிகளில் தங்குகின்றன. உவர்ப்புக் குறைந்த, சேறு நிறைந்த, ஆழமற்ற இடங்களை இவை விரும்புகின்றன. இவ்விடங்களே இவ்வினத்தின் நாற்றங்கால்கள் ஆகும். சில மீன்கள் ஆறுகளின் வழியாக நன்னீர்ப் பகுதி வரையும் செல்கின்றன. தொடக்கத்தில் சிறிய இறால் வகைகளையும் பிற ஓட்டுடலிகளையும் உண்ணும் இவை, வளர வளர நெத்திலி, மடவை போன்ற மீன்களை உண்ணத் தொடங்குகின்றன. பெரிய தெற்குத் தட்டைமீன் முற்றிலும் ஓர் ஊனுண்ணி ஆகும்.

முதிர்ச்சியும் வலசையும்

இளமீன்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழிமுகத்திலேயே வாழ்கின்றன. பெண் மீன்கள் பெரும்பாலும் இரண்டாம் வயதளவில் முதிரத் தொடங்குகின்றன. வட கரொலைனாவில் செய்யப்பட்டு 2012 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்றின்படி, பெண் மீன்களில் பாதி முதிர்ச்சி அடைந்திருக்கும் நீளம் ஏறத்தாழ 41 செ.மீ. ஆகும். இது முன்பு கருதப்பட்டதைவிடக் கூடுதலானது.

இலையுதிர்காலத்தில் வடக்கிலிருந்து குளிர்காற்று வீசி நீர் குளிரத் தொடங்கியதும், முதிர்ந்த மீன்கள் கழிகளை விட்டுக் கடலை நோக்கிப் புறப்படுகின்றன. செப்டெம்பர் முதல் நவம்பர் வரை இந்த வலசை நடைபெறுகிறது. முட்டையிட்ட பிறகு சில மீன்கள் மீண்டும் கழிகளுக்குத் திரும்புகின்றன; சில கடலிலேயே தங்கிவிடுகின்றன. அடையாள வில்லை பொருத்தி விடப்பட்ட மீன்கள் பின்னர் தென் கரொலைனா, ஜோர்ஜியா, புளோரிடா ஆகிய மாநிலங்களின் கரைகளில் பிடிபட்டுள்ளன. இதனால் வட கரொலைனா முதல் புளோரிடாவின் கிழக்குக் கரை வரையுள்ள மீன்கள் அனைத்தும் ஒரே கூட்டமாகக் கருதப்படுகின்றன.

பெண் மீன்கள் ஆண் மீன்களைவிட விரைவாகவும் பெரிதாகவும் வளர்கின்றன. கூடுதலான காலம் வாழ்கின்றன. பெரும்பாலான ஆண் மீன்கள் 35 செ.மீ. நீளத்தைத் தாண்டுவதில்லை. தூண்டிலில் பிடிபட்ட தெற்குத் தட்டைமீன்களில் மிகப் பெரியதாகப் பதிவான மீன் 1983 ஆம் ஆண்டில் புளோரிடாவில் கிடைத்தது. அதன் எடை 9 கிலோகிராமுக்கு மேல் ஆகும்.

பால் தீர்மானமும் வெப்பநிலையும்

மனிதரில் உள்ளது போலவே இம்மீனிலும் எக்ஸ்-எக்ஸ் நிறப்புரிகள் பெண்ணையும், எக்ஸ்-ஒய் நிறப்புரிகள் ஆணையும் குறிக்கின்றன. ஆயினும் எக்ஸ்-எக்ஸ் நிறப்புரிகளுடன் பிறந்த மீன் கட்டாயம் பெண்ணாக வளரும் என்பதில்லை. இளமீன் சில செண்டிமீட்டர் நீளமே இருக்கும் ஒரு குறுகிய பருவத்தில், அது வாழும் நீரின் வெப்பநிலை பொருத்தமற்றதாக இருந்தால், அம்மீன் ஆணாக வளர்ந்துவிடும்.

வட கரொலைனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. 23 பாகை செல்சியஸ் அளவில் வளர்க்கப்பட்ட மீன்களில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சம அளவில் இருந்தன. 18 பாகையிலும் 28 பாகையிலும் வளர்க்கப்பட்டவற்றில் ஆண் மீன்களே பெரும்பான்மையாக இருந்தன. வெப்பம் கூடினாலும் குறைந்தாலும் விளைவு ஒன்றே. எக்ஸ்-ஒய் மீன் எந்த வெப்பநிலையிலும் பெண்ணாக மாறுவதில்லை. ஆகவே மிகச் சிறந்த சூழலிலும் பெண் மீன்களின் பங்கு பாதியைத் தாண்டாது. சூழல் மாறும்போது அது குறையுமே அன்றிக் கூடாது.

இது ஆய்வுக்கூடத் தொட்டிகளில் மட்டும் நிகழ்வதா என்னும் கேள்வி எழுந்தது. அதே பல்கலைக்கழகத்தினர் வட கரொலைனாவின் இயற்கையான நாற்றங்கால்களில் இளமீன்களைச் சேகரித்து ஆராய்ந்து, 2019 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். வெப்பம் குறைந்த வடபகுதி நாற்றங்கால்களைவிட வெப்பம் மிகுந்த தென்பகுதி நாற்றங்கால்களில் ஆண் மீன்களின் விகிதம் மிகவும் கூடுதலாக இருந்தது.

இதன் பொருளை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு நாற்றங்காலை 1,000 இளமீன்கள் வந்தடைவதாகக் கொள்வோம். வெப்பநிலை ஏற்றதாக இருந்தால் அவற்றில் ஏறத்தாழ 500 பெண்ணாகும். நீர் வெப்பமடைந்து நான்கில் மூன்று பங்கு ஆணாகிவிட்டால் பெண் மீன்கள் 250 மட்டுமே. மீன்களின் எண்ணிக்கை ஒன்றுதான். ஆனால் எதிர்காலத்தில் முட்டையிடக்கூடியவை பாதியாகக் குறைந்துவிடுகின்றன. மீன்பிடிப்பு தொடங்கும் முன்னரே இவ்விழப்பு நிகழ்ந்துவிடுகிறது.

மீன்பிடிப்பு முறைகள்

வட கரொலைனாவில் தெற்குத் தட்டைமீன் பின்வரும் முறைகளில் பிடிக்கப்படுகிறது.

- பட்டி வலை: ஆழமற்ற நீரில் கழிகளை நட்டு அமைக்கப்படும் நிலையான வலை. நீளமான வழிகாட்டு வலை ஒன்று நீந்திவரும் மீன்களைத் தடுத்து, மேற்புறம் திறந்த வலைப்பட்டிக்குள் செலுத்துகிறது. உள்ளே மீன்கள் உயிரோடு இருக்கும். சிறியவை வெளியேறுவதற்காகப் பெரிய கண்கள் கொண்ட வலைப்பகுதிகள் இதில் பொருத்தப்படுகின்றன. கடலை நோக்கி மீன்கள் வலசை போகும் இலையுதிர்காலத்தில் மட்டுமே இம்முறை பயன் தரும்.
- செவுள் வலை: நீரில் சுவர்போல் நிறுத்தப்படும் வலை. மீனின் உடல் கண்ணிகளில் சிக்கிக்கொள்கிறது. பெரிய கண்கள் கொண்ட செவுள் வலைகள் இம்மீனுக்குப் பயன்படுகின்றன. இவற்றில் கடலாமைகளும் சிக்குவதுண்டு.
- ஈட்டி: இரவில் தட்டையான படகில் ஆழமற்ற நீரில் சென்று, விளக்கொளியில் தரையில் படுத்திருக்கும் மீனைக் குத்திப் பிடித்தல். குத்திய பின் மீனை உயிருடன் விட இயலாது என்பதால் நீளத்தை முன்கூட்டியே கணிக்க வேண்டும்.
- தூண்டில்: பொழுதுபோக்கு மீன்பிடிப்போரின் முதன்மையான முறை. படகிலிருந்தும், பாலங்களிலிருந்தும், கரையிலிருந்தும் பிடிப்பர்.

வணிகப் பிடிப்பு 1990களின் நடுப்பகுதியில் உச்சத்தை அடைந்தது. அப்போது ஓர் ஆண்டில் கரைசேர்க்கப்பட்ட அளவு 40 இலட்சம் பவுண்டுகளுக்கு (ஏறத்தாழ 1,800 தொன்) மேல் இருந்தது. பின்னர் அது தொடர்ந்து குறைந்து வந்தது.

இருப்பு மதிப்பீடு

நீரில் உள்ள மீன்களை எண்ண இயலாது. எனவே அவற்றின் இருப்பு மறைமுகமாகக் கணிக்கப்படுகிறது. கரைசேர்க்கப்படும் மீன்களின் அளவு, அறிவியல் ஆய்வு வலைகளில் ஆண்டுதோறும் கிடைக்கும் எண்ணிக்கை, பிடிபட்ட மீன்களின் நீளம், வயது முதலியன திரட்டப்படுகின்றன. மீனின் தலையில் உள்ள செவிக்கல்லில் மரத்தில் காணப்படும் ஆண்டு வளையங்களைப் போன்ற வளையங்கள் உருவாகின்றன. இவற்றை எண்ணி வயது அறியப்படுகிறது. இத்தரவுகளை ஒரு கணித மாதிரியில் இட்டு இருப்பும் இறப்பு வீதமும் மதிப்பிடப்படுகின்றன.

மதிப்பீட்டில் இரண்டு கேள்விகள் தனித்தனியே கேட்கப்படுகின்றன.

- மிகைப்பிடிப்பு நடைபெறுகிறதா? அதாவது, மீன்கள் ஈடுசெய்ய இயலாத வேகத்தில் பிடிக்கப்படுகின்றனவா?
- இருப்பு குன்றியுள்ளதா? அதாவது, முட்டையிடக்கூடிய பெண் மீன்களின் மொத்த எடை குறித்த ஓர் எல்லைக்குக் கீழே சென்றுவிட்டதா?

முதலாவது மீன்பிடிப்பின் வேகத்தைக் குறிப்பது. இரண்டாவது எஞ்சியிருக்கும் முதலைக் குறிப்பது. மிகைப்பிடிப்பை நிறுத்திய பின்னும் இருப்பு பல ஆண்டுகள் குன்றிய நிலையிலேயே இருக்கக்கூடும்.

வட கரொலைனா, தென் கரொலைனா, ஜோர்ஜியா, புளோரிடா ஆகிய நான்கு மாநிலங்களின் அறிவியலாளர்களும் இணைந்து, 2017 வரையான தரவுகளைக் கொண்டு ஒரு பொது மதிப்பீட்டைச் செய்தனர். அதன்படி மிகைப்பிடிப்பும் நடைபெற்றது; இருப்பும் குன்றியிருந்தது. முட்டையிடும் பெண் மீன்களின் எடையே அளவுகோலாகக் கொள்ளப்பட்டதால், பெண் மீன்களின் இழப்பு இம்மதிப்பீட்டில் நேரடியாக வெளிப்பட்டது.

குறைந்தபட்ச நீள வரம்பின் சிக்கல்

குறித்த ஒரு நீளத்துக்குக் குறைவான மீனைப் பிடிக்கக்கூடாது என்பது மீன்வள மேலாண்மையில் மிகப் பழைய, எளிய விதியாகும். ஒவ்வொரு மீனும் ஒரு முறையாவது முட்டையிட்ட பின்னரே பிடிபட வேண்டும் என்பதே இதன் நோக்கம். வட கரொலைனாவில் தெற்குத் தட்டைமீனுக்கு இவ்வரம்பு 15 அங்குலம், அதாவது ஏறத்தாழ 38 செ.மீ. என வகுக்கப்பட்டது. இவ்வரம்பை மேற்கூறிய வாழ்க்கை வட்டத்துடன் ஒப்பிட்டால் மூன்று முரண்பாடுகள் தெரிகின்றன.

முதலாவதாக, பெரும்பாலான ஆண் மீன்கள் இந்நீளத்தை என்றுமே எட்டுவதில்லை. எனவே சட்டப்படி கரைசேர்க்கப்படும் மீன்களில் ஏறத்தாழ அனைத்தும் பெண் மீன்கள். ஆண்-பெண் விகிதம் ஏற்கெனவே வெப்பத்தால் சாய்ந்திருக்கும் ஒரு கூட்டத்தில், மீன்பிடிப்பு அதனை மேலும் சாய்க்கிறது.

இரண்டாவதாக, பெண் மீன்களில் பாதி முதிர்ச்சி அடையும் நீளமான 41 செ.மீ., இவ்வரம்பைவிடக் கூடுதலானது. எனவே பிடிபடும் பெண் மீன்களில் பல ஒரு முறைகூட முட்டையிடாதவை.

மூன்றாவதாக, வரம்பை உயர்த்துவதும் முழுமையான தீர்வாகாது. உயர்ந்த வரம்பில் பெண் மீன்களின் பங்கு மேலும் கூடும். அத்துடன், நீளம் போதாமல் திருப்பி விடப்படும் மீன்களின் எண்ணிக்கையும் கூடும். தூண்டிலோ வலையோ ஏற்படுத்திய காயத்தால் அவற்றில் ஒரு பகுதி இறந்துவிடும். இவை எவர் கூடையிலும் சேராதவை. எனினும் இருப்பிலிருந்து இழந்தவையே. மறுபுறம், வரம்பைக் குறைத்து ஆண் மீன்களையும் பிடிக்கவிட்டால், இளம் பெண் மீன்களும் அவற்றோடு சேர்ந்து பிடிபடும். உயிருள்ள மீனின் பாலினத்தை வெளித்தோற்றத்தால் அறிய இயலாது.

இக்காரணங்களால் நீள வரம்பு மட்டும் இவ்வினத்தைக் காப்பதற்குப் போதாது. மொத்தம் எத்தனை மீன்கள் இறக்கின்றன என்பதையே கட்டுப்படுத்த வேண்டியதாகிறது. பிடிப்பு ஒதுக்கீடும் மூடுகாலமும் இந்நோக்கில் அமைந்தவை.

மேலாண்மை வரலாறு

வட கரொலைனாவின் கடல் மீன்வளத்தை மாநிலக் கடல் மீன்வளப் பிரிவு நிருவகிக்கிறது. விதிகளை ஒன்பது உறுப்பினர்களைக் கொண்ட கடல் மீன்வள ஆணையம் வகுக்கிறது. வணிக மீன்பிடிப்பு, பொழுதுபோக்கு மீன்பிடிப்பு, அறிவியல் ஆகிய துறைகளைச் சார்ந்தோர் இதில் இடம்பெறுகின்றனர். 1997 ஆம் ஆண்டின் மீன்வளச் சீர்திருத்தச் சட்டம், முதன்மையான மீனினங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு மேலாண்மைத் திட்டம் தேவை என விதித்தது. பின்னர் செய்யப்பட்ட திருத்தங்களின்படி, திட்டம் ஏற்கப்பட்டதிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மிகைப்பிடிப்பு நிறுத்தப்பட வேண்டும். 10 ஆண்டுகளுக்குள் இருப்பு மீட்கப்பட வேண்டும்.

- 2005: தெற்குத் தட்டைமீனுக்கான முதல் மேலாண்மைத் திட்டம் ஏற்கப்பட்டது.
- 2010: செவுள் வலைகளில் கடலாமைகள் இறப்பது தொடர்பான வழக்கு ஒன்றில் ஏற்பட்ட உடன்பாட்டால், வலைகளை இடும் நாட்களும் வலையின் நீளமும் கட்டுப்படுத்தப்பட்டன.
- 2013: திட்டத்தின் முதல் திருத்தம்.
- 2015–2016: பிடிப்பைக் குறைப்பதற்கான கூடுதல் நடவடிக்கைகளை ஆணையம் ஏற்றது. வழக்குத் தொடரப்பட்டு, அவற்றில் ஒரு பகுதிக்கு நீதிமன்றம் தடை விதித்தது.
- 2019: இரண்டாம் திருத்தம். பிடிப்பினால் நேரும் இழப்பை 2019 இல் 62 விழுக்காடும், 2020 முதல் 72 விழுக்காடும் குறைப்பது இலக்காகக் கொள்ளப்பட்டது.
- 2022: மூன்றாம் திருத்தம். ஆண்டுதோறும் பிடிக்கக்கூடிய மொத்த அளவு வகுக்கப்பட்டு, வெவ்வேறு பிரிவினருக்கும் வலை வகைகளுக்கும் ஒதுக்கப்பட்டது. ஒதுக்கீட்டை மீறினால் மீறிய அளவு அடுத்த ஆண்டில் கழிக்கப்படும்.

இக்கட்டுப்பாடுகளின் கடுமையைப் பொழுதுபோக்கு மீன்பிடிப்புக்கான பருவத்தின் நீளத்தில் காணலாம். 2020 இல் ஆகஸ்ட் 16 முதல் செப்டெம்பர் 30 வரை மீன்பிடிக்க இசைவளிக்கப்பட்டது. 2021 இல் அது இரண்டு வாரங்களாகக் குறைந்தது. 2022 இல் செப்டெம்பர் மாதம் முழுவதும் திறக்கப்பட்டாலும், ஒருவருக்கு ஒரு நாளில் ஒரு மீன் மட்டுமே என வரையறுக்கப்பட்டது. 2023 இல் செப்டெம்பர் 15 முதல் 29 வரை பருவம் அமைந்தது. அவ்வாண்டு ஒதுக்கீட்டைவிடக் கூடுதலாகப் பிடிக்கப்பட்டதால், 2024 இல் பருவம் திறக்கப்படவில்லை. 2025 இல் செப்டெம்பர் 1 முதல் 14 வரை, நாளொன்றுக்கு ஒரு மீன் என்னும் வரையறையுடன் மீண்டும் திறக்கப்பட்டது.

பருவம் சுருங்கும்போது எதிர்பாராத ஒரு விளைவும் ஏற்படுகிறது. சில நாட்களே வாய்ப்பு இருப்பதால், அந்நாட்களில் மிகுந்த எண்ணிக்கையில் மக்கள் மீன்பிடிக்கச் செல்கின்றனர். இதனால் நாட்களைக் குறைத்த அளவுக்குப் பிடிப்பு குறைவதில்லை.

பங்கீடும் கருத்து வேறுபாடுகளும்

குறைந்துபோன வளத்தை எவ்வாறு பகிர்வது என்பது இம்மேலாண்மையின் மிகச் சிக்கலான பகுதியாகும். 2022 ஆம் ஆண்டுத் திட்டம் வணிக மீனவருக்கு 70 விழுக்காடும் பொழுதுபோக்கு மீன்பிடிப்போருக்கு 30 விழுக்காடும் எனத் தொடங்கி, பின்னர் படிப்படியாகச் சரிபாதியாக மாற்றுவது என வகுத்தது.

பட்டி வலை மீனவர்கள் கழிகளை நட்டு வலை அமைப்பதற்குப் பல வாரங்கள் உழைத்து, பெருந்தொகையைச் செலவிடுகின்றனர். அவர்களின் வருவாய் இலையுதிர்காலத்தின் சில வாரங்களையே சார்ந்துள்ளது. ஒதுக்கீடு விரைவில் நிறைவடைந்து பருவம் மூடப்பட்டால், செலவிட்ட தொகையே திரும்பாமல் போகக்கூடும். அத்துடன், சந்தைக்கும் உணவகங்களுக்கும் மீன் சென்றடைவது தம் வழியாகவே என்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். பொழுதுபோக்கு மீன்பிடிப்போர், மீன்வளம் பொதுச்சொத்து என்றும், பல்லாண்டுகளாகப் பெரும்பகுதியை வணிகப் பிடிப்பே எடுத்துக்கொண்டது என்றும், செவுள் வலைகளால் பிற உயிரினங்களும் அழிகின்றன என்றும் வாதிடுகின்றனர். இரு தரப்பினரும் இறால் இழுவை வலைகளில் சிக்கி இறக்கும் இளமீன்கள், ஆற்று நீரின் மாசு ஆகியவற்றைப் பற்றியும் கேள்வி எழுப்புகின்றனர்.

மற்றொரு மனக்குறை மாநில எல்லை பற்றியது. கடலுக்குச் சென்ற மீன்கள் தெற்கு நோக்கியும் பரவுவதால், ஒரு மாநிலம் காத்த மீனை மற்றொரு மாநிலம் பிடிக்க வாய்ப்புள்ளது. கோடைத் தட்டைமீனுக்குக் கூட்டரசு அமைப்புகளும் மாநிலங்களுக்கு இடையேயான ஆணையமும் இணைந்து பொதுத் திட்டம் வகுத்துள்ளன. தெற்குத் தட்டைமீனுக்கு அத்தகைய பொதுத் திட்டம் இல்லாமல், ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே விதி வகுத்து வந்துள்ளது. தென் கரொலைனா 2021 இல் நீள வரம்பை 16 அங்குலமாக உயர்த்தி, நாளொன்றுக்கு ஒருவர் பிடிக்கக்கூடிய எண்ணிக்கையை ஐந்தாகக் குறைத்தது.

வலசைக்கால மூடல்

வாழ்க்கை வட்டத்தை ஒட்டி அமைந்த விதிக்கு வலசைக்கால மூடல் நல்ல எடுத்துக்காட்டாகும். முட்டையிடச் செல்லும் மீன்கள் குறுகிய கடல்வாய்களில் திரளும் நாட்களில் அவற்றைப் பிடிப்பது மிக எளிது. எனவே பல மாநிலங்கள் அந்நாட்களில் மீன்பிடிப்பை நிறுத்தின.

- அலபாமா: 2019 முதல், நவம்பர் மாதம்.
- டெக்சாஸ்: 2021 முதல், நவம்பர் 1 தொடங்கி டிசம்பர் 14 வரை.
- புளோரிடா: 2021 முதல், அக்டோபர் 15 தொடங்கி நவம்பர் 30 வரை.
- லூசியானா: 2022 முதல், அக்டோபர் 15 தொடங்கி நவம்பர் 30 வரை.

வட கரொலைனாவில் நிலைமை வேறு. அங்கு வணிகப் பிடிப்பு, வலசையை எதிர்நோக்கி அமைக்கப்படும் பட்டி வலைகளைப் பெரிதும் சார்ந்தது. வலசைக்காலத்தை முழுதும் மூடினால் அத்தொழிலே இல்லாமல் போகும். எனவே அம்மாநிலம் மூடலுக்கு மாறாக, அதே பருவத்தைக் குறுக்கித் திறந்து, ஒதுக்கீட்டால் பிடிப்பைக் கட்டுப்படுத்தும் வழியைத் தேர்ந்தது. ஒதுக்கீடு முறையாகக் கண்காணிக்கப்படாவிட்டால், கடலுக்குச் செல்லும் வழியிலேயே முட்டையிடும் கூட்டத்தை இழக்கும் இடர் இதில் உள்ளது.

வெப்பமயமாதலும் எதிர்காலமும்

அத்திலாந்திக்குக் கூட்டமும் வளைகுடாக் கூட்டமும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. அவற்றின் மீன்பிடிப்பு முறைகளும் விதிகளும் வேறானவை. எனினும் இரு கரைகளிலும் இம்மீன் குறைந்துள்ளது. இதனால் மீன்பிடிப்போடு, இரு கரைகளுக்கும் பொதுவான ஒரு காரணமும் உண்டு என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். குளிர்கால நீர் வெப்பமடைதல் குடம்பிகளின் பிழைப்பையும், நாற்றங்கால் வெப்பமடைதல் பெண் மீன்களின் விகிதத்தையும் பாதிக்கக்கூடும். டெக்சாஸ் மாநிலம் இம்மீனைக் குஞ்சு பொரிப்பகங்களில் வளர்த்துக் கழிகளில் விடும் முயற்சியை மேற்கொண்டது. அங்கும் தொட்டி நீரின் வெப்பநிலையைச் சரியாகப் பேணாவிட்டால், விடப்படும் குஞ்சுகளில் பெரும்பாலானவை ஆணாகிவிடும்.

நீரின் வெப்பநிலையை எந்த மீன்வள ஆணையமும் கட்டுப்படுத்த இயலாது. பிடிப்பின் அளவை மட்டுமே அது கட்டுப்படுத்த முடியும். சூழலால் பெண் மீன்கள் குறையும் காலத்தில், அதே அளவு பிடிப்பு முன்னைவிடக் கூடுதலான தீங்கை விளைவிக்கும். ஆகவே முற்காலத்தில் தாங்கத்தக்கதாக இருந்த பிடிப்பு, பிற்காலத்திலும் அவ்வாறே இருக்கும் எனக் கொள்ள இயலாது. குளிர்ந்த வடபகுதி நாற்றங்கால்கள் இன்னும் சம விகிதத்துக்கு நெருங்கிய அளவில் பெண் மீன்களை உருவாக்குவதால், அவற்றின் நீர்த்தரத்தையும் சதுப்புக் கரைகளையும் பேணுவது பிடிப்புக் கட்டுப்பாட்டுக்கு இணையான முதன்மை பெறுகிறது.